"வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்": ஒரு மறுப்பு

சேலம், நாமக்கல் பக்கம் அறுபது எழுபது வயதுக்காரர் ஒருவர் சோறு பிடிக்காமல், பேச்சுக் குறைந்து, திண்ணையே கதியென்று உட்கார்ந்துவிட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வயசாயிருச்சுங்க, அப்படித்தான் இருக்கும்." வீட்டில் சொல்கிறார்கள், தெருவில் சொல்கிறார்கள், பல சமயம் மருத்துவரே சொல்கிறார். இரண்டு வருடம் கழித்து அதே ஆள் பேரன் பெயரை மறந்து, சாப்பிட்ட கை காயும் முன்பே சாப்பிடவில்லை என்று சாதிக்கும்போதும் அதே பதில். இந்தப் பதில் முதல் முறையும் தவறு, இரண்டாம் முறையும் தவறு. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பில்லை என்று நினைப்பது மூன்றாவது தவறு.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். இப்படிப் பேசுகிறவர்கள் ஈவிரக்கமற்றவர்கள் இல்லை. கட்டினவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியே போய்விட்டார்கள், முழங்கால் எழுந்திருக்க விடுவதில்லை. இந்த நிலைமையில் மனசு வாடாமல் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். கவலை மனசு சம்பந்தப்பட்டது, மறதி மூளை சம்பந்தப்பட்டது, இரண்டையும் முடிச்சுப் போடாதே என்கிறார்கள். சொந்தபந்தமும் கோயில் குளமும் உள்ள நம் ஊரில் இதெல்லாம் மேல்நாட்டு அளவுக்கு வராது. மனநல மாத்திரையைத் தொட்டால் விட முடியாது, அதுவே மறதியைக் கொண்டுவந்துவிடும். கடைசியில், மறதி நோயைக் குணமாக்க மருந்தே இல்லாதபோது கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? இந்த வாதங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளிதான் மொத்தத்தையும் இத்தனை காலம் தாங்கி நிற்கிறது.

1. வயதுதான் காரணம் என்றால் வயதான எல்லோருக்கும் அல்லவா வர வேண்டும்?

2017-18இல் நாடு முழுக்க நடந்த முதுமை பற்றிய 'லாசி' ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கக்கூடும். தங்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லி அறிந்திருந்தவர்களோ 0.8 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பேருக்கு அந்த நோயின் பெயரை யாரும் சொல்லவே இல்லை. அதே ஆய்வின் கிளையான 'லாசி-டாட்', 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இரண்டு கணக்கையும் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். எந்த நோயை எடுத்தாலும் பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் அது இல்லை. எண்பது வயதில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பேத்தி கல்யாணத்து மொய்க் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் அப்பத்தாக்களை ராசிபுரத்திலும் பரமத்தியிலும் ஊருக்கு ஊர் பார்க்கலாம். பெரும்பாலோருக்கு வராமல் சிலருக்கு மட்டும் வருவதை முதுமையின் இயல்பு என்று எப்படிச் சொல்வது?

துக்கம் இருக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் துக்கம் விட்டுவிட்டு வரும். இழவு வீட்டிலும் பேரக்குழந்தை மடியில் வந்து விழுந்தால் முகம் ஒரு கணம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சி வருவதில்லை. நம் பக்கத்துப் பெரியவர்கள் "எனக்குச் சோகமா இருக்கு" என்று வந்து சொல்லவும் மாட்டார்கள். "கை கால் ஓய்ச்சலா இருக்குங்க." "மேலெல்லாம் காந்துது." "நெஞ்சு படபடங்குது." "மூணு மணிக்கே முழிப்பு வந்துருதுங்க, அப்பறம் தூக்கமில்லை, ஒரே ரோசனை." காலையில் மோசமாகவும் பொழுது சாய்ந்தால் கொஞ்சம் தேவலையாகவும் இருக்கும். பாடப்புத்தகத்தில் மனச்சோர்வுக்கு எழுதப்பட்டிருக்கும் அடையாளங்கள் இவை. இதற்கு நம் ஊரில் கிடைக்கும் வைத்தியம் ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு சத்து ஊசி, 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு பெயர். ஒரு வாரம் தெம்பாக இருப்பதுபோலத் தெரியும். பிறகு இன்னொரு பாட்டில். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. அந்த இரண்டு வருடத்துக்காகத்தான் நான் கோபப்படுகிறேன்.

2. மனசு வேறு, மூளை வேறு என்பவர்கள் மனசு உடம்பில் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

மனச்சோர்வு நீடிக்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ், அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாடு பலரிடம் அடங்காமல் வேலை செய்கிறது. அது சுரக்கவைக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைய வேண்டிய வேளையில் குறைவதில்லை. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில் கார்ட்டிசாலைப் பிடிக்கும் ஏற்பிகள் நெருக்கமாக உள்ளன. கார்ட்டிசால் சுரப்புக்குக் கடிவாளம் போடும் இடங்களில் ஒன்றும் அதுவே. அது நலிந்தால் கடிவாளம் தளர்கிறது. சுரப்பு இன்னும் கூடுகிறது. கூடிய சுரப்பு அதை மேலும் நலியச் செய்கிறது. 1996இல் யெவெட் ஷெலைன் குழுவினர், திரும்பத் திரும்ப மனச்சோர்வு கண்ட பெண்களின் ஹிப்போகேம்பஸ் சிறுத்திருப்பதை எம்.ஆர்.ஐ.யில் காட்டினார்கள். வாழ்நாளில் சோர்வில் கழிந்த நாட்கள் கூடக் கூட அதன் அளவு குறைந்திருந்தது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கைவைக்கும் இடங்களில் இந்த ஹிப்போகேம்பஸும் ஒன்று என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்தது ரத்தநாளம். 1997இல் ஜார்ஜ் அலெக்சோபூலோஸ் குழுவினரும், சென்னையில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்ற கே. ரங்கராம கிருஷ்ணன் குழுவினரும் 'ரத்தநாள மனச்சோர்வு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய ரத்தநாளங்களைக் கெடுக்கின்றன. முன்மூளையையும் உள்மூளையையும் இணைக்கும் வெண்பொருளில் அங்கங்கே சேதம் விழுகிறது. கை கால் விழுவதில்லை, வாய் கோணுவதில்லை. ஆள் மெதுவாகிறார், எதிலும் நாட்டம் போகிறது, எழுந்து குளிப்பதே மலையாகிறது. பக்கவாதமென்றால் ஓடுகிறோம், இதை மட்டும் 'சோம்பல்' என்கிறோம். பிறகு ரத்தநாளச் சேதத்தால் வரும் டிமென்ஷியாவும் இதே வழியில்தான் வருகிறது. வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கும் மாவட்டங்களில் இதை யாரோ தூர தேசத்துக்காரர் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது.

அழற்சியும் இருக்கிறது: ரத்தத்தில் அதைக் காட்டும் சி.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6 போன்றவை இரண்டு நோய்களிலும் பலரிடம் கூடியிருக்கின்றன. இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது. இறந்தவர்களின் மூளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஹைக்கோ பிராக், அல்சைமரின் டௌ புரதச் சிக்கல்கள் மிக முதலில் தென்படும் இடங்களில் மூளைத்தண்டின் லோகஸ் செருலியஸும் ஒன்று என்று காட்டினார். மூளையின் நார்அட்ரினலினில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது. செரட்டோனின் தயாராகும் ராஃபே அணுக்கட்டுகளையும் அந்த நோய் சீக்கிரமே தொடுகிறது. மனநிலையைத் தாங்கிப் பிடிக்கும் ரசாயனங்கள் பிறக்கும் இடத்தில், மறதி தொடங்கப் பல வருடம் முன்பே நோய் குடியேறியிருக்க முடியும். ஆகவே மறதிக்கு முன்னால் மனசு தளர்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

3. "எது முன்னால், எது பின்னால் என்று விஞ்ஞானிகளுக்கே தெரியாது" என்பது சரி. அதனால் சும்மா இருக்கலாம் என்பதுதான் தவறு.

ஆராய்ச்சிகள் உண்மையிலேயே முரண்படுகின்றன. 2013இல் பிரெனோ டினிஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதுமையில் மனச்சோர்வு கண்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.85 மடங்கு, ரத்தநாள டிமென்ஷியாவுக்கு 2.5 மடங்கு. 2017இல் பிரிட்டன் அரசு ஊழியர்கள் 10,189 பேரை 28 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது: நடுவயதுச் சோர்வுக்கும் பின்னால் வரும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பு தெரியவில்லை, டிமென்ஷியா உறுதியாவதற்குச் சுமார் 11 ஆண்டுகளுக்கு முன்புதான் சோர்வின் அறிகுறிகள் ஏறத் தொடங்கின. அப்படியானால் சோர்வு நோயின் முன்னறிவிப்பு, காரணம் இல்லை. 2023இல் டென்மார்க்கில் 14 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தவர்கள் இளமை, நடுவயது, முதுமை என எப்போது மனச்சோர்வு கண்டறியப்பட்டிருந்தாலும் டிமென்ஷியா வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்றார்கள். அப்படியானால் காரணமாகவும் இருக்கலாம்.

இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று யோசியுங்கள். சோர்வு ஒரு காரணம் என்றால் உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பு என்றால் உடனே மூளையைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டுக்கும் மூலம் ரத்தநாளம் என்றால் சர்க்கரையையும் பிரஷரையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். "வயசாயிருச்சு" என்று விட்டுவிடலாம் என்ற முடிவுக்குக் கொண்டுபோகும் ஆய்வு ஒன்றுகூட இல்லை. குறிப்பாக, வாழ்நாளெல்லாம் திடமாக இருந்தவருக்கு 60 தாண்டி முதல் முறையாக மனச்சோர்வு வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. "நம்ம ஊருக்கு வராது."

ஐம்பது வருடத்துக்கு முன்பு இதைச் சொல்லியிருந்தால் காது கொடுத்திருப்பேன். இன்று திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு மகன் மத்தியப் பிரதேசத்திலோ ஆப்பிரிக்காவிலோ மாதக்கணக்கில் கிடக்கிறான். லாரிக்காரன் வீடு திரும்பும் நாள் லோடைப் பொறுத்தது. படித்த மகள் பெங்களூரில். ஊரை விட்டுத் தள்ளி, நாலு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காட்டின் நடுவே இருக்கும் காட்டுக்கொட்டாயில் ஒரு கிழவர், ஒரு கிழவி, ஒரு நாய். ஒருவர் போய்விட்டால் மற்றவர் தனி. இதைக் கூட்டுக் குடும்பம் என்று எந்த வாயால் சொல்வது?

தறிச் சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை தறிப்பட்டறைகளுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினால்தான் பேச்சு ஏறும். 90 டெசிபலைத் தாண்டும் அந்தச் சத்தத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டாக முப்பது நாற்பது வருடம் தறி ஓட்டியவர்களுக்கு அறுபது வயதில் காது மந்தமாகாமல் என்ன செய்யும்? 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் டிமென்ஷியாவுக்கு வழிவிடும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது; அவற்றை எல்லாம் சரிசெய்தால் உலக அளவில் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. மனச்சோர்வின் பங்கு 3 சதவீதம். தனிமை 5. காது மந்தம் 7, பட்டியலிலேயே முதல் வரிசை. நம் ஊரில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. காது கேட்காததால் பேச்சு குறைகிறது. பேச்சு குறைவதால் "அவருக்குச் சொன்னா புரியாது" என்று வீட்டு விஷயங்களிலிருந்து ஒதுக்குகிறார்கள். ஒதுக்கப்பட்டவர் சுருண்டு படுக்கிறார். காது மிஷின் வாங்கித் தர வேண்டிய இடத்தில் மூலையில் கட்டில் போட்டுக் கொடுக்கிறோம்.

கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்கவைப்பவர்களை நான் பழிக்க மாட்டேன். கவனிக்க ஆள் இருப்பதும், வேளாவேளைக்கு எழுந்து குளித்துச் சாப்பிடுவதும் பெரிய விஷயங்கள். போகும் முன் தைராய்டும் பி12-ம் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறேன். இரண்டில் எது குறைந்தாலும் சோர்வும் வரும், மறதியும் வரும், இரண்டையும் மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்யலாம். சர்க்கரைக்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் அதைச் சோதிப்பது அபூர்வம்.

5. மாத்திரை பயம் தவறான மாத்திரையைப் பார்த்து வந்த பயம்.

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் மூளையின் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. பெரியவர்களுக்குக் குழப்பம் தருபவை. இந்த வகை மருந்துகளை நீண்ட நாள் சாப்பிட்டவர்களிடம் டிமென்ஷியா கூடுதலாகக் காணப்பட்டதாக பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. தூக்கத்துக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பழகும் அல்ப்ரசோலம் உண்மையிலேயே அடிமையாக்கும், நினைவைக் கலைக்கும், ராத்திரி எழுந்தால் தள்ளாடி விழவைக்கும். ஊர் பயப்படுவது இவற்றைப் பார்த்துத்தான். இன்று மனச்சோர்வுக்கு முதலில் தரப்படும் செர்ட்ராலின், எசிட்டலோப்ராம் அந்த ரகம் இல்லை. அவற்றுக்கும் விதிகள் உண்டு: திடீரென நிறுத்தக் கூடாது, பெரியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பம் வரலாம் என்பதால் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரை இல்லை இது. டிமென்ஷியா வந்தபிறகு உண்டான சோர்வுக்கு செர்ட்ராலினும் மிர்டாசபினும் வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று 2011இல் சுபே பானர்ஜி குழுவினர் பிரிட்டனில் நடத்திய சோதனை காட்டியது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டால் டிமென்ஷியா வராது என்றும் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் 2011இன் முடிவு என் பக்கத்து வாதத்தைத்தான் வலுவாக்குகிறது. மறதி வந்தபிறகு அந்த மருந்துகள் கைகொடுக்கவில்லை என்றால், வருவதற்கு முந்தைய வருடங்களின் மதிப்பு கூடுகிறது. அந்த வருடங்களைத்தான் குளுக்கோஸ் பாட்டிலில் கரைக்கிறோம்.

6. "புத்தி போயிருச்சு" என்ற தீர்ப்பு வீட்டுக்குள் ஒரு அநீதியையும் செய்கிறது.

கடும் மனச்சோர்வே மறதி நோய்போல் வேடம் கட்டும். 1960களிலிருந்தே மருத்துவ உலகம் இதை அறியும். இன்று என்ன கிழமை என்று கேட்டால் மனச்சோர்வில் உள்ளவர் யோசிக்கக்கூட மெனக்கெடாமல் "எனக்கென்ன தெரியும், உடு சாமி" என்பார். அல்சைமரில் இருப்பவர் பெரும்பாலும் அப்படி விடமாட்டார்: "ஏன், சந்தைக்குப் போகலியா நீ?" என்று பேச்சைத் திருப்புவார், அல்லது தப்பான கிழமையைத் துணிந்து சொல்வார். முன்னவர் தன் மறதியைப் பெரிதாகச் சொல்லி அழுவார்; பின்னவருக்கு அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆளில்லாமல் இருவருக்கும் ஒரே முத்திரை குத்தப்படுகிறது. முத்திரை விழுந்த ஒரு அம்மாவிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. காடு பாகம் பிரிக்கிறபோது கைநாட்டு மட்டும் கேட்கிறார்கள். மூன்று மாத வைத்தியத்தில் தெளிந்துவிடக்கூடிய ஒருவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது சொத்துப் பிரச்சினை மட்டும்தானா?

தெளிந்துவிட்டால் கதை முடிந்தது என்றும் இருக்க முடியாது. அலெக்சோபூலோஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வோடு வந்து வைத்தியத்தில் நீங்கிய 'மறதி நோய்' உள்ளவர்களில் 43 சதவீதம் பேருக்குச் சில ஆண்டுகளிலேயே நீங்காத டிமென்ஷியா வந்தது. மறதியில்லாத வெறும் சோர்வோடு வந்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். வேடம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

7. கண்டுபிடித்து என்ன செய்வது?

நிறையச் செய்யலாம், அதில் பெரும்பகுதி நம் மாவட்டங்களிலேயே ஆகும். சென்னை கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மையம் வரை போக வேண்டியதில்லை. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லுக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. இரவில் உயிரை விட்டுவிடலாம் என்று பேசுகிறவர் வீட்டில் இருந்தால் 14416-க்கு அடிக்கலாம், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் தமிழிலும் பேசும். அந்தப் பேச்சை மட்டும் "வயசானவங்க புலம்பல்" என்று விட்டுவிடாதீர்கள்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த வருகையில் இரண்டு கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும்: போன இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு விட்டுப்போன மாதிரி இருக்கிறதா? உலகெங்கும் ஆரம்பச் சோதனையாகக் கேட்கும் கேள்விகள்தாம் இவை. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். காது கேட்கிறதா என்று மூன்றாவதாகக் கேட்டுவிடலாம். முதல் இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்று சொன்னவரை மாவட்ட மனநலப் பிரிவுக்குத் தேதி குறித்து அனுப்ப வேண்டும். 60 வயதுக்குமேல் முதல் முறையாகச் சோர்வு கண்டவர் என்றால் தைராய்டு, பி12, சோடியம், காது, அவரவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் அன்றே பார்த்து, ஒரு நினைவுத் தேர்வும் வைக்க வேண்டும். எழுதப் படிக்கச் சொல்லும் தேர்வு கைநாட்டு ஆத்தாக்களை அநியாயமாகத் தோற்கடிக்கும். படிக்காதவர்களுக்கென்று தயாரான தேர்வுகள் உண்டு, அவற்றைத்தான் எடுக்க வேண்டும். சோர்வு குணமானபின் ஆறு மாதம் கழித்து அதே தேர்வை மறுபடி வைக்க வேண்டும். அப்போதும் மதிப்பெண் ஏறவில்லை என்றால் நரம்பியல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.